‘ஆல்’ தாங்குமா? ஒரு வாத ஆய்வுப் பயிற்சியின் பதிவு

“அது உண்மைதானே, டீச்சர்?”

ஜிமேட் தேர்வின் வாத ஆய்வுக் கேள்விகளுக்காக என்னிடம் படிக்க வந்த மாணவி மூன்றாவது வாரம் இப்படிக் கேட்கும்வரை, அவளுடைய சிக்கல் ஆங்கிலம் என்றே நான் நினைத்திருந்தேன். தாளில் நான் எழுதிக் கொடுத்திருந்த வாதம் சிறியது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டு மாவட்டங்களில் அதுவே முதலிடம். ஆகவே மாநிலத்தின் சிறந்த பள்ளிகள் இந்த மாவட்டத்தில்தான் இருக்கின்றன. இதில் ஓட்டை எங்கே என்று கேட்டிருந்தேன். இரண்டு நிமிடம் பார்த்தாள். ஓட்டையே இல்லை என்றாள். ஏன் என்று கேட்டதற்குத்தான் அந்தப் பதில்.

கணக்கெடுப்பில் எழுத்தறிவு என்பது 7 வயதிலிருந்து மேலே உள்ள எல்லோரையும் சேர்த்த கணக்கு. திருவிதாங்கூர் காலத்துப் பள்ளியில் படித்த பாட்டியும் அதில் ஒரு தலை. வேறு மாவட்டத்தில் படித்துவிட்டு இங்கே குடியேறியவரும் ஒரு தலை. அந்த எண் பல தலைமுறைகளின் கதையைச் சொல்கிறது. இன்றைய வகுப்பறையைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. எழுதப் படிக்கத் தெரிவது ஒன்று, பள்ளி சிறப்பாக இருப்பது வேறொன்று. இவ்வளவையும் சொன்ன பிறகும் அவள் முகம் தெளியவில்லை. “அப்படியானால் முடிவு தப்பு என்கிறீர்களா?” என்றாள். இல்லை. முடிவு சரியாகக்கூட இருக்கலாம். நானும் இந்த மாவட்டத்துப் பள்ளியில் படித்தவள்தான். அந்தப் பெருமை எனக்கும் உண்டு. கொடுத்த காரணம் அந்த முடிவைத் தாங்குகிறதா என்பது மட்டுமே கேள்வி.

பிரச்சினை அங்கே இருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது என்பதையும் இந்தப் பதிவில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

யார், எந்தத் தேர்வு

அவளுக்கு வயது 26. குளச்சலுக்கு அருகே ஒரு கடற்கரை ஊர். அப்பா விசைப்படகில் வேலை செய்தவர். முழங்கால் போன பிறகு கரையோடு இருக்கிறார். அவள் பொறியியல் முடித்துவிட்டுத் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கிறாள். காலையில் இரணியலில் ரயிலேற வேண்டும். பெரும்பாலும் நின்றுகொண்டுதான் பயணம். அந்தக் கூட்டத்தில் ஒரு கையால் கம்பியையும் மறு கையால் கைபேசியையும் பிடித்துக்கொண்டுதான் பயிற்சிக் கேள்விகள் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து என் வீட்டுக்கு வருவாள். நான் கல்லூரியில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவள். இந்தத் தேர்வுக்கென்று தனிப் பயிற்சி எனக்குக் கிடையாது.

தேர்வு ஜிமேட். மேலாண்மைப் படிப்புக்கு வெளிநாட்டிலும் இங்கும் பல கல்லூரிகள் கேட்பது. 2023 நவம்பரில் வந்த புதிய வடிவத்தில் மூன்று பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 45 நிமிடம். மொத்த மதிப்பெண் 205 முதல் 805 வரை. மொழிப் பகுதியில் 23 கேள்விகள். பழைய வடிவத்தில் இருந்த வாக்கியத் திருத்தம் போய்விட்டதால், இப்போது வாசித்துப் புரிந்துகொள்ளும் கேள்விகளும், ‘கிரிட்டிகல் ரீசனிங்’ என்று சொல்லப்படும் வாத ஆய்வுக் கேள்விகளும்தான் மிச்சம். வாத ஆய்வுக் கேள்வி என்றால் நாலைந்து வரியில் ஒரு வாதம், கீழே ஐந்து விடைகள். வாதத்தைப் பலவீனப்படுத்துவது எது, வலுப்படுத்துவது எது, சொல்லாமல் எடுத்துக்கொண்டது எது, இதிலிருந்து பெறக்கூடியது எது என்று கேட்பார்கள். ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடம்கூட முழுதாகக் கிடைக்காது.

தேர்வை நடத்துபவர்களே இலவசமாகத் தரும் இரண்டு மாதிரித் தேர்வுகளில் ஒன்றை முதல் வாரமே எழுதச் சொன்னேன். மொழிப் பகுதியில் 78. அந்தப் பகுதியின் அளவுகோல் 60 முதல் 90 வரை. வாசிப்புக் கேள்விகளில் மூன்றுதான் தவறு. வாத ஆய்வில் பாதிக்கு மேல் தவறு. இரண்டும் ஒரே ஆங்கிலத்தில்தான் இருந்தன. அதைப் பார்த்த உடனேயே ஆங்கிலம் அல்ல காரணம் என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை, இரண்டு வாரம் சொற்பட்டியல் படிக்க வைத்து அவள் நேரத்தை வீணாக்கினேன்.

எங்கே கற்றுக்கொண்ட பழக்கம்

நம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் ‘கூற்று – காரணம்’ வகைக் கேள்வி தண்ணீர் பட்ட பாடு. கூற்று சரி, காரணம் சரி, காரணம் கூற்றை விளக்குகிறது. கூற்று சரி, காரணம் தவறு. இப்படி நான்கு விடைகள். அதில் முதல் வேலை, ஒவ்வொரு வாக்கியமும் உலகத்தில் உண்மையா என்று பார்ப்பது. பாடப்புத்தகத்தில் அப்படி இருக்கிறதா, இல்லையா? பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் டி.என்.பி.எஸ்.சி. மாதிரித் தாள்களிலும் அவள் இதை நூற்றுக்கணக்கில் செய்திருக்கிறாள், நன்றாகவும் செய்திருக்கிறாள்.

வாத ஆய்வு இதற்கு நேர் எதிர். கொடுத்த தகவல்களை அப்படியே ஒப்புக்கொண்டுவிட வேண்டும். அவை உண்மையா என்று யாரும் கேட்பதில்லை. தகவலிலிருந்து முடிவுக்குத் தாவும் அந்த இடம் ஒன்றைத்தான் சோதிக்க வேண்டும். அவளோ ஐந்து விடைகளையும் தன் பொது அறிவோடு ஒப்பிட்டு, எது ‘சரியான தகவல்’ என்று தேடிக்கொண்டிருந்தாள்.

இதற்குமேல் இரண்டு சிறு தொந்தரவுகள். ஒன்று, நம் மொழியின் போக்கு. தமிழில் காரணம் முன்னால் வரும், முடிவு பின்னால் வரும்: மழை பெய்ததால் ரப்பர் பால்வெட்டு நின்றது. ஆங்கில வாதத்தில் முடிவு முதல் வரியிலேயே வந்து உட்கார்ந்துகொண்டு, காரணங்கள் அதன் பின்னால் வரிசை கட்டுவது சாதாரணம். அவள் கடைசி வரியையே முடிவு என்று எடுத்துக்கொண்டிருந்தாள். தவறான விடைகளில் நான்கு இப்படிப் போனவை. மற்றொன்று ‘அனுமானம்’ என்ற சொல். வாதத்துக்கு அடியில் சொல்லாமல் வைத்திருப்பதையும் அனுமானம் என்கிறோம், வாதத்திலிருந்து பெறுவதையும் அனுமானம் என்கிறோம். அடித்தளத்துக்கும் மாடிக்கும் ஒரே பெயர் வைத்தால் ஆள் எந்தத் தளத்தில் நிற்கிறார் என்று எப்படித் தெரியும்? முதலாவதை ‘புதைந்த நம்பிக்கை’ என்றும் இரண்டாவதை ‘பெறும் முடிவு’ என்றும் எங்களுக்குள் பெயர் மாற்றிக்கொண்டோம்.

இதற்கு முன்பு ஒரு பயிற்சி மையத்தில் பணம் கட்டிப் படித்திருந்தாள். அங்கே கொடுத்த குறுக்குவழி: விடையில் ‘எல்லா’, ‘மட்டும்’, ‘ஒருபோதும்’ என்று வந்தால் அடித்துவிடு. அந்த விதி என்ன செய்தது என்பதைக் கீழே பார்க்கலாம்.

தடைக்கால வாதம்

ஒவ்வொரு வாதத்தையும் ஒரே தமிழ் வாக்கியமாக, ‘ஆல்’ உருபு வைத்து எழுதச் சொன்னேன். ‘இன்னது என்பதால், இன்னது.’ அப்படி எழுதும்போது முடிவு தானாகக் கடைசிக்குப் போய்விடுகிறது. முதல் தொந்தரவு அதோடு தீர்ந்தது. பிறகு அந்த ‘ஆல்’ மேல் விரலை வைத்து, இது தாங்குமா என்று கேட்க வேண்டும். கேள்வி ஆங்கிலத்தில் இருக்கட்டும். குறிப்பேட்டில் இந்த ஒரு வாக்கியம் தமிழில்.

நாங்கள் அதிக நேரம் செலவிட்ட வாதம் இது. சின்னமுட்டம் துறைமுகத்தில், மீன்பிடித் தடை முடிந்த முதல் வாரம் கரைக்கு வந்த மீன், தடைக்கு முந்தைய வாரத்தைவிட மிக அதிகம் என்பதால், தடைக்காலம் கடலின் மீன்வளத்தைப் பெருக்கியிருக்கிறது. புதைந்த நம்பிக்கை எது?

அவள் எடுத்த விடை: ‘தடை விதிக்கப்படும் மாதங்களில்தான் மீன்கள் முட்டையிடுகின்றன.’ தடைக்கு அரசு சொல்லும் காரணமே அதுதான். சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தது. அதை மறுத்துப் பார் என்றேன். மீன்கள் அந்த மாதங்களில் முட்டையிடவில்லை என்றே வைத்துக்கொள், வாதம் விழுகிறதா? யோசித்தாள். 61 நாள் விசைப்படகு போகவில்லை என்றால், பிடிபடாமல் தப்பிய மீனே போதுமே. முட்டையிடுதல் இல்லாமலும் மீன் கூடியிருக்கலாம். விழவில்லை. ஆகவே அது உண்மையாக இருந்தாலும் இந்த வாதத்துக்குத் தேவையானது அல்ல.

அடுத்து, ‘இரண்டு வாரங்களிலும் ஒரே எண்ணிக்கையில் படகுகள் கடலுக்குப் போயின’ என்ற விடைக்குத் தாவினாள். நெருங்கிவிட்டாள், ஆனால் இது அளவுக்கு மீறியது. படகுகள் பத்து கூடியிருந்து, மீன் மூன்று மடங்கு கூடியிருந்தால் வாதம் இன்னும் நிற்கும். சரியான விடை: ‘மீன் வரத்து கூடியதற்கு, கூடுதல் படகுகள் போனது மட்டுமே காரணம் அல்ல.’ இதை அவள் முதல் பார்வையிலேயே அடித்துவிட்டிருந்தாள். அதில் ‘மட்டுமே’ இருந்தது.

இந்தக் கேள்வியை அவள் வீட்டுக்கு எடுத்துப்போய் அப்பாவிடம் படித்துக் காட்டினாளாம். அவருக்கு விடைகள் எதுவும் தேவைப்படவில்லை. “மக்களே, இரண்டு மாதம் சும்மா கிடந்த படகெல்லாம் ஒரே நாளில் பாய்ந்தால் கரையில் மீன் குவியாதா? அது கடல் பெருகியதா, படகு பெருகியதா?” என்றாராம். குறிப்பேட்டில் அதை அப்படியே எழுதி வந்திருந்தாள்.

நம் மாவட்டத்துக்கு ஒரு விசித்திரம் உண்டு. கிழக்குக் கரைத் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. சின்னமுட்டம் அதில் வரும். மேற்குக் கரைத் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. குளச்சல் அதில் வரும். ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு தடைக்காலம். வாதத்தைச் சோதிக்க என்ன தகவல் வேண்டும் என்று கேட்கும் வகைக் கேள்விக்கு இதைவிட நல்ல களம் எங்கே கிடைக்கும்? அவள் முதலில் கேட்டது, ஒரு படகு ஒரு நாளில் பிடித்தது எத்தனை கிலோ என்று. நல்ல கேள்வி, படகின் பெருக்கத்தைக் கழித்துவிடுகிறது. பிறகு, பருவம் மாறியதாலேயே மீன் கூடியிருக்கலாமே, அப்படியானால் குளச்சலிலும் கூடியிருக்க வேண்டுமே என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அவளே நிறுத்தினாள். “ஜூன் நடுவில் குளச்சலில் விசைப்படகு போகாதே, டீச்சர். எதை வைத்து ஒப்பிடுவது?” சற்று நேரம் கழித்து விடையும் அவளிடமிருந்தே வந்தது: தடை விசைப்படகுக்குத்தான், வள்ளம் என்னும் நாட்டுப்படகுக்கு இல்லை. இரு பக்கத்து வள்ளங்களின் மீன்பாட்டை ஒப்பிடலாம். அன்று நான் அவளுக்குச் சொல்லித்தர எதுவும் மிச்சமிருக்கவில்லை.

பிடித்த முடிவும் பிடிக்காத முடிவும்

ஆறாவது வாரம் நான் கொஞ்சம் தயங்கித்தான் ஒரு வாதத்தைக் கொடுத்தேன். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயலுக்கான எச்சரிக்கை வெளியிடப்பட்டது. அப்படியிருந்தும் ஏராளமான மீனவர்கள் கடலில் சிக்கினார்கள். ஆகவே அவர்கள் எச்சரிக்கையை மதிக்கவில்லை. அந்த நாட்களில் டீக்கடைகளில்கூடக் காதில் விழுந்த பேச்சு இது.

பத்து விநாடி ஆகியிருக்காது. “எச்சரிக்கை வந்தபோது அவர்கள் கரையில் இருந்தார்கள் என்று யார் சொன்னது?” என்றாள். ஆழ்கடலுக்குப் போகும் படகுகள் வாரக் கணக்கில் திரும்புவதில்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஆட்கள் தொழில் செய்யும் தூரத்துக்குக் கைபேசி எட்டாது. அவளுடைய சித்தப்பா அப்போது கடலில் இருந்தவர். லட்சத்தீவுப் பக்கம் கரையேறி, பல நாள் கழித்து வீடு வந்தவர். எச்சரிக்கை வெளியானது ஒன்று, அது போய்ச் சேர்ந்தது வேறொன்று. வாதம் முழுவதும் அந்த இடைவெளியின் மேல்தான் நின்றது. அதைக் காட்ட அவளுக்கு ‘ஆல்’ வாக்கியமே தேவைப்படவில்லை.

எழுத்தறிவு வாதத்தில் இரண்டு நிமிடம் பார்த்தும் தெரியாத ஓட்டை, இங்கே பத்து விநாடியில் தெரிந்தது. கடினம் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். ஒன்றில் முடிவு அவளுக்குப் பிடித்தது; மற்றொன்றில் பிடிக்காதது. இதை உளவியலாளர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். 1983இல் ஜோனதன் எவன்ஸ், ஜூலி பார்ஸ்டன், பால் பொல்லார்ட் மூவரும் செய்த சோதனையில், நம்பத் தகுந்த முடிவு வந்தால் ஆட்கள் வாதத்தின் அமைப்பைச் சரிவரப் பார்க்காமலே ஏற்றுக்கொண்டார்கள். நம்ப முடியாத முடிவு வரும்போதுதான் அமைப்பை உற்றுப் பார்த்தார்கள். அவளிடம் நடந்ததும் அதே. அவளிடம் மட்டுமா? எழுத்தறிவு வாதத்தை எழுதும்போது எனக்கே உள்ளூர ஒரு தலையாட்டல் இருந்தது.

அன்றிலிருந்து ஒரு விதி வைத்தோம்: எந்த முடிவையும் நமக்கு வேண்டாதவர் ஒருவர் சொன்னதாக நினைத்துப் படிக்க வேண்டும். யாரை நினைத்துக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை. அலுவலகத்தில் யாரோ ஒருவர் என்று ஊகிக்கிறேன்.

இரண்டு வாரத்தில் பலவீனப்படுத்தும் கேள்விகளும் புதைந்த நம்பிக்கைக் கேள்விகளும் கைவந்துவிட்டன. அதே வேகத்தில் மற்றவை கெட்டுப்போயின. வலுப்படுத்து என்று கேட்டால் ஓட்டை தேடினாள். பெறும் முடிவு எது என்று கேட்டால், கொடுத்த தகவலையே சந்தேகப்பட்டாள். எட்டாவது வாரத்தில் மொத்தக் கணக்கு ஐந்தாவது வாரத்தைவிடக் கீழே இருந்தது. மருந்தின் அளவு கூடிவிட்டது என்பதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அப்போது எனக்குக் கைகொடுத்தது மணிமேகலை. அதன் 29ஆம் காதையில் பெரும்பகுதி தருக்கம். பக்கம் (நிறுவ வேண்டியது), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு) என்று வாதத்தின் உறுப்புகளைப் பிரித்துச் சொல்லும்: இந்த மலையில் நெருப்பு இருக்கிறது, புகை இருப்பதால், அடுக்களையைப் போல. பின்பு போலிகளை வரிசைப்படுத்தும். அதில் ஒன்று, ஆவியோ பனியோ என்று ஐயம் தீராமல் இருக்கும்போதே அதைப் புகை என்று கொண்டு, நெருப்பு உண்டு என்று துணிவது. மழைக்காலக் காலையில் வேளிமலை மேல் தொங்குவதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் வேண்டுமா? நான் அவளிடம் சொன்னது இவ்வளவுதான். சந்தேகம் இரண்டு இடத்தில் வரலாம். ஒன்று, அது புகைதானா? மற்றொன்று, புகை இருந்தால் நெருப்பு இருந்தே தீருமா? வாழ்க்கையில் இரண்டையும் கேட்க வேண்டும். தேர்வில் முதல் கேள்விக்கு இடமே இல்லை. புகை என்று எழுதியிருந்தால் புகைதான். பெறும் முடிவு கேட்கும் கேள்வியில் இரண்டாவதையும் வாதத்தின் மேல் திருப்பாமல், ஐந்து விடைகளின் மேல் திருப்ப வேண்டும். கொடுத்த தகவலால் இந்த விடை கட்டாயம் ஆகிறதா? அதே ‘ஆல்’தான், அது இருக்கும் இடம் மட்டும் மாறுகிறது.

இதன் பிறகு கேள்வி வரியை முதலில் படித்து, சந்தேகத்தை எங்கே வைப்பது என்று முடிவு செய்துகொண்டு, அப்புறம்தான் வாதத்துக்குள் போனாள்.

எண்கள்

நான் எழுதிய உள்ளூர் வாதங்கள் விளக்கிக் காட்டுவதற்கு மட்டும்; அளந்து பார்ப்பதற்கு எப்போதும் தேர்வு நடத்துபவர்களின் பழைய கேள்விகளைத்தான் வைத்துக்கொண்டோம். வீட்டில் செய்த கேள்வியில் விடை ஒன்றுக்கு இரண்டாகப் பொருந்திவிடும். தடைக்கால வாதத்தையே நான் மூன்று முறை திருத்தினேன். கடைசி மாதம் எல்சாட் தேர்வின் தருக்கக் கேள்விகளையும் சேர்த்தோம். சட்டப் படிப்புக்கான தேர்வு அது. கேள்விகள் சற்று இறுக்கமானவை, நல்ல பயிற்சி.

பதினான்காவது வாரம் இரண்டாவது மாதிரித் தேர்வில் மொழிப் பகுதி 83. உண்மைத் தேர்வில் 82. ஒரு பகுதியில் மூன்று விடைகள் வரை திரும்பிப் போய் மாற்றிக்கொள்ளலாம். அவள் இரண்டை மாற்றினாள், அதில் ஒன்று சரியாக இருந்ததைத் தவறாக்கியது என்று இன்னும் நம்புகிறாள். தடித்த எழுத்தில் இரண்டு பகுதிகளைக் காட்டி அவை வாதத்தில் என்ன வேலை செய்கின்றன என்று கேட்கும் கேள்வி மட்டும் கடைசிவரை அவளுக்கு வசப்படவில்லை. எனக்கும் அதைச் சொல்லித்தர வரவில்லை.

இந்தப் பதிவை வெளியிடுவதற்கு முன் அவளிடம் படிக்கக் கொடுத்தேன். தன் குறிப்பேட்டில் வழக்கம்போல ஒரு வாக்கியம் எழுதித் திருப்பித் தந்தாள்: ‘டீச்சரின் முறையைப் பின்பற்றியதால், மதிப்பெண் கூடியது.’ ‘ஆல்’ மேல் ஒரு வட்டம். பக்கத்தில், அதே பதினான்கு வாரத்தில் நானூறு கேள்விகளுக்கு மேல் போட்டிருக்கிறேன்; இரண்டாவது மாதிரித் தேர்வு எப்படியும் முதலாவதைவிடப் பழகியதாக இருந்திருக்கும் என்று எழுதியிருந்தாள். அதற்கும் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி: “ஒன்பதாவது வாரத்திலிருந்து வேலை நேரம் மாறியதால் முந்தைய ரயிலுக்குப் போகிறேன், டீச்சர். அதில் உட்கார இடம் கிடைக்கும்.”